ஸ்கேன் உங்களுக்கு வேண்டாம்; உங்கள் மாமனாருக்கு உடனே வேண்டும்

கடிதம்

முக்கூடல் வட்டாரக் கிராமம் ஒன்றிலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சிறு வயதிலிருந்தே பீடி சுற்றுகிறார். இரண்டு ஆண்டுகளாகத் தலைவலி. முதலில் வாரத்துக்கு ஒரு நாள் வந்தது. எட்டு மாதங்களாக அநேகமாகத் தினமும் வருகிறது. பிடரியில் தொடங்கி இரு பக்கமும் ஏறி, நெற்றியைச் சுற்றித் துண்டால் இறுக்கிக் கட்டியதுபோல நிற்கிறது. வாந்தி கிடையாது. வெளிச்சம் கண்ணைக் கூசுவதில்லை. வேலையை நிறுத்தும் அளவுக்கு வலி போவதில்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே எரிந்து விழுகிறார். மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைக் காலையில் எழுந்ததும் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று போட்டுக்கொள்கிறார். அண்மைக் காலமாகக் கண் விழிக்கும்போதே தலை வலிக்கிறது; மாத்திரை போட்டால்தான் கை வேலைக்குப் போகிறது.

தலையில் நீர் கோத்திருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. பிரஷர் என்கிறார் மதினி. வேலை செய்ய மனமில்லாமல் சொல்லும் சாக்கு என்கிறார் கணவர். இவருக்கோ வேறு பயம். நான்கு ஆண்டுகளுக்கு முன் இவருடைய சித்தி, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர், “ஐயோ தலை” என்று உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் நினைவிழந்து, மறுநாள் இறந்துவிட்டார். தனக்கும் மூளையில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, வளையலை அடகு வைத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கத் தயாராக இருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பகுதியை அவர் எழுதியபடியே தருகிறேன்: “எங்கள் மாமாவுக்கும் ஒரு மாதமாகத் தலை கனமாக இருக்கிறதாம். வயது 72. ஏழு வாரத்துக்கு முன்னால் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, லேசாக வீங்கியது, அவ்வளவுதான். இப்போது பகலிலும் தூக்கம். இடது கால் செருப்பு கழன்று போவதுகூடத் தெரியாமல் நடக்கிறார்கள். நெஞ்சுவலிக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். நான் போடும் மாத்திரையையே அவர்களுக்கும் கொடுக்கலாமா? நான் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கலாமா?”

பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமனாரைப் பற்றிய செய்தி அச்சில் வரும்வரை காத்திருக்கக் கூடியது அன்று. அதனால் கடிதம் கைக்கு வந்த அன்றே, உறையில் நீங்கள் குறித்திருந்த எண்ணில் அழைத்து, அவரை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லும்படி சொல்லிவிட்டேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை முதலில் விளக்குகிறேன். உங்கள் தலைவலிக்குப் பிறகு வருகிறேன். வலியின் அளவை மட்டும் பார்த்தால் உங்கள் வலிதான் பெரிது. அவருடையது வெறும் தலைபாரம். ஆபத்தை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது.

வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே போகும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அப்போது இழுபட்டு நிற்கும். அந்த வயதில் படிக்கட்டில் லேசாக இடித்துக்கொண்டாலும் போதும், அவற்றில் ஒன்று கிழிந்து ரத்தம் கசியும். கசிவு மெதுவானது. ஆகவே விழுந்த அன்று எழுந்து நடப்பார், பேசுவார், சாப்பிடுவார். மூன்று வாரமோ, ஒன்றரை மாதமோ கழித்து, தேங்கிய ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கும்போதுதான் தலை கனக்கும், தூக்கம் கூடும், பேச்சு தடுமாறும், ஒரு பக்கக் கையோ காலோ சோர்ந்து போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதாக நேரும். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறார் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, ஒரு மருத்துவர் பரிசோதித்து எழுதும் குறிப்புக்குச் சமம். அதைக் கவனித்து எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் அதை “வயசாயிற்று” என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சாதாரண சி.டி. ஸ்கேன் போதும்; படுத்துச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரத்தம் தேங்கியிருந்தால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு அதை வடிக்கிறார்கள். மூளை அறுவைச் சிகிச்சைகளிலேயே நல்ல பலன் தருபவற்றில் ஒன்று இது. ஒரு வாரமாக ஆளை அடையாளம் தெரியாமல் படுத்திருந்தவர் வடித்த சில நாட்களில் பேரனைப் பெயர் சொல்லி அழைப்பதை நாங்கள் பார்க்கிறோம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேனும் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. குடும்ப அட்டையையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் எழுப்பினால் எழாத அளவு மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, 108-ஐ அழையுங்கள், பஸ்ஸுக்காக நிற்காதீர்கள்.

நீங்கள் போடும் வலி மாத்திரையை அவருக்குக் கொடுக்கவே கூடாது. அந்த வகை மாத்திரைகளில் பல ரத்தக் கசிவை அதிகமாக்கும். தலையைப் பிடித்துவிடுவதும் தைலம் தேய்ப்பதும் கேடு செய்யாவிட்டாலும் நேரத்தை வீணாக்கும். நெஞ்சுவலி மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதை நிறுத்துவதா, எத்தனை நாளைக்கு நிறுத்துவது என்பதை ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும்.

எந்தத் தலைவலிக்குப் பயப்பட வேண்டும்

உங்கள் சித்திக்கு வந்ததும் உங்கள் மாமனாருக்கு வந்திருப்பதும் இரண்டு வேறு ஆபத்துகள். இரண்டிலும் வலி தனியாக வரவில்லை, அல்லது வந்த விதமே புதியது. தலைவலியோடு கூட வேறென்ன வந்தது, எப்படித் தொடங்கியது, முன்பு வந்த வலியிலிருந்து எப்படி மாறியிருக்கிறது, இம்மூன்றையும்தான் நாங்கள் கேட்கிறோம். “எவ்வளவு வலிக்கிறது” என்பது அதற்கு அப்புறம்.

*நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி.* வாழ்நாளில் இப்படி வலித்ததே இல்லை என்று சொல்லும்படி, ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொட்டால், மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம். சித்திக்கு நடந்தது இதுவாகவே இருக்க வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. முதல் கசிவு நின்றபின் வரும் இரண்டாவது கசிவுதான் பலரைக் கொல்கிறது.

*காய்ச்சலும் கழுத்து விறைப்பும்.* தாடையை மார்பில் தொட முடியாதபடி கழுத்து விறைத்து, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் அது மூளையுறை அழற்சியாக இருக்கலாம். காசநோய்க் கிருமியால் வரும் மூளையுறை அழற்சி இரண்டு மூன்று வாரம் மெதுவாகவே வளரும். லேசான காய்ச்சல், பசியின்மை, நாளுக்கு நாள் கூடும் தலைவலி என்று ஏமாற்றும். நம் நாட்டில் இதை மறக்கக் கூடாது.

*பிள்ளை பெற்ற வீட்டில் தலைவலி.* இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். பிரசவம் ஆன பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தால் உடம்பு ஊதிப்போகும் என்று இரண்டு மிடறுக்கு மேல் கொடுக்காத வீடுகள் இன்றும் நம் பக்கத்தில் இருக்கின்றன. அந்த நாட்களில் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். உடம்பில் நீரும் வற்றினால் மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் உறைகட்டி விழுகிறது. தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு என்று வரும். இளம் தாய்மார்களை வலிப்பு வந்த பிறகே தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். கர்ப்பத்தின் பிற்பாதியிலும் பிரசவமான ஆறு வாரத்துக்குள்ளும் தலைவலி விடாமல் இருந்தால் ரத்த அழுத்தத்தை அன்றே பார்க்க வேண்டும். பச்சை உடம்புக்காரிக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

*ஐம்பதுக்கு மேல் முதல்முறை.* அதுவரை தலைவலி அறியாதவருக்கு ஐம்பது வயதுக்குப் பின் புதிதாக வந்து நிலைத்தால் காரணம் தேட வேண்டும். பொட்டுப் பக்கம் தொட்டால் வலி, மெல்லும்போது தாடை வலி என்றால் ரத்தக் குழாய் அழற்சி என்று சந்தேகிப்போம். காலம் தாழ்த்தினால் பார்வை போய்விடும்.

இவை தவிர, ஒரு கண் சிவந்து வலித்து விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிதல், இருமினாலோ முக்கினாலோ தலை வெடிப்பதுபோல வலித்தல், வாரந்தோறும் கூடிக்கொண்டே போகும் வலியோடு காலை வாந்தி, வாய் கோணல், குழறும் பேச்சு, பொருள்கள் இரண்டாகத் தெரிதல் இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவருக்கும் வரும் புதுத் தலைவலியும் இதே கணக்குதான்.

உங்கள் தலைவலி

இனி உங்களிடம் வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பவற்றில் மேலே சொன்ன அடையாளம் ஒன்றுகூட இல்லை. இரு பக்கமும், இறுக்கும் வலி, நடந்தாலும் படியேறினாலும் அதிகமாகாதது, வாந்தி இல்லாதது. பிடரி, தோள் தசைகளின் இறுக்கமும், வலியை உணரும் நரம்புகளின் மிகை உணர்ச்சியும் சேர்ந்து உண்டாக்கும் தலைவலி இது. உலகத்தில் மிக அதிகமானோருக்கு வருவதும் இதுதான். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்டது என்கிறோம். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அதற்குக் காரணங்களில் ஒன்று நீங்கள் போடும் மாத்திரை.

படிக்க வியப்பாக இருக்கலாம். ஒரே மருந்துள்ள சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேலும், இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையை 10 நாளுக்கு மேலும், தொடர்ந்து மூன்று மாதம் போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். காலையில் கண் விழிக்கும்போதே வலிப்பது, மாத்திரை போட்டால்தான் வேலை ஓடுவது, நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடுவது மூன்றும் அதற்கான அடையாளம். ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன் எடுப்பதைப் போன்றது இது. அந்த வாரத் தவணை தீரும், மொத்தக் கடன் ஏறும். உங்கள் கடிதத்தில் இரண்டு குழுக்களின் தவணைக் கவலையும் இருந்ததால் இதைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

தினமும் வலி மாத்திரை போடுவதால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் வேறு வரும். மெடிக்கல் ஸ்டோரில் பிரித்துத் தரும் இரண்டு மூன்று உதிரி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டதால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

இந்த மாத்திரையை விட வேண்டும். ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டு, வீட்டில் விசேஷமோ பீடிக் கடையில் கணக்கு முடிக்கும் நெருக்கடியோ இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து நிறுத்துங்கள். நிறுத்திய முதல் சில நாட்கள், சிலருக்குப் பத்து நாள் வரை, வலி முன்னைவிடக் கூடும். தூக்கம் கெடும், குமட்டும். இங்கேதான் பலர் பயந்து மாத்திரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பத்து நாளைத் தாண்டினால் வலி படிப்படியாக இறங்கும். முழுப் பலன் தெரிய இரண்டு மாதம்வரை ஆகலாம். அந்த நாட்களைக் கடக்க, மருத்துவர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில், பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்கி, இரவில் கொடுக்கலாம். மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு “இது மனநோய் மாத்திரை” என்று யாரேனும் சொன்னால் கலங்காதீர்கள். அதிக அளவில் மனச்சோர்வுக்குத் தரும் அதே மருந்து, சிறிய அளவில் வலி நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. வாய் உலரும், முதல் சில நாள் காலையில் சற்று மந்தமாக இருக்கும். கண்நீர் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பாட்டி, மதினி, கணவர் சொன்னவை

நீர் கோத்தல் என்று நம் பக்கத்தில் சொல்வது சைனஸைத்தான். உண்மையான சைனஸ் அழற்சியில் மூக்கடைப்பும், கெட்டியான மஞ்சள் சளியும், காய்ச்சலும், கன்னத்தில் அழுத்தினால் வலியும் இருக்கும். உங்களுக்கு மூக்கில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆவி பிடித்தால் சுகமாக இருப்பது வெப்பம் தசையைத் தளர்த்துவதால்தான்.

மதினி சொன்ன பிரஷர் விஷயம் ஆபத்தான பாதி உண்மை. சாதாரணமாக உயர்ந்திருக்கும் ரத்த அழுத்தம் தலைவலி தராது. 180/120 அளவுக்கு மேல் எகிறும்போதுதான் அது தலைவலியாக வரும். “எனக்குத் தலை வலிக்கவில்லை, அதனால் பிரஷர் இல்லை” என்று மாத்திரையை விட்டவர்கள்தாம் பக்கவாதத்தோடு வருகிறார்கள். எனவே வலிக்கிறதோ இல்லையோ, அளந்து பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தெருவுக்கே வரும் பணியாளரிடம் சொன்னால் அளந்துவிடுவார்.

கண்ணைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 40 வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும். இலையின் நரம்பையும் நூலையும் பார்க்க நீங்கள் இன்னும் குனிகிறீர்களா என்று கவனியுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு மட்டுமில்லை, கழுத்துக்கும் வேலை குறையும்.

உங்கள் கணவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாத வலி பொய் வலி என்று நினைக்கிறார்கள். இந்த வலி தசையிலும் நரம்பிலும் உண்மையாக நடப்பது. கவலை அதைக் கூட்டும், உண்டாக்குவது கவலை மட்டுமே அன்று. தினமும் வலியோடு உட்கார்ந்து பீடி சுற்றி முடித்து, சோறும் பொங்கி, பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பும் ஒருவரைப் பார்த்து, வேலைக்குச் சாக்கு சொல்கிறாள் என்று பேசுவது நியாயம் இல்லை. ஐயா, இதை நீங்கள் படித்தால், ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அதே போலக் குனிந்து இருந்து பாருங்கள்.

சுளகை எங்கே வைக்கிறீர்கள்

வலியின் வேர் பெரும்பாலும் உங்கள் மடியில் இருக்கிறது. காலை நீட்டி, சுளகை மடியில் வைத்து, இலையில் தூளைப் போட்டுச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றும்வரை கண் அதை விட்டு அகலாது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையை முன்னால் தொங்கவிட்டு, பிடரித் தசைகள் மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மண்டையோடு முடியும் இடத்தில், முதுகெலும்புக்கு இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்து, அந்த வலி நெற்றிக்குத் தாவினால், நான் சொல்வது உங்களுக்கே விளங்கும்.

சுளகை மடியிலிருந்து தூக்க வேண்டும். ஒரு தலையணையை மடியில் வைத்து அதன்மேல் வையுங்கள். அல்லது முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையைப் போட்டு அதில் வைத்து, நீங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். தொடக்கத்தில் வேகம் குறையும், இது உண்மை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் உங்களிடம் வேகத்தைக் குறை என்று சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும். சில கட்டுகள் முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். தோள்களைக் காதுவரை தூக்கி இறக்குங்கள், பத்துத் தடவை. தாடையைக் கீழே குனியாமல் நேராகப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள், அதுவும் பத்துத் தடவை. சாயங்காலம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பிடரியில் கால் மணி நேரம் போடுங்கள். இப்படிச் செய்தால் பலருக்கு அந்த நேரத்து மாத்திரையே தேவைப்படுவதில்லை.

அடைத்த அறையில் உட்கார வேண்டாம். புகையிலைத் தூளின் நிகோட்டின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி எல்லாம் அதனாலும் வரும். திண்ணையில், காற்றோட்டமான இடத்தில், பகல் வெளிச்சத்தில் சுற்றுங்கள். மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டுங்கள். கைகழுவாமல் எதையும் தின்ன வேண்டாம். குழந்தையை அந்தச் சுளகுக்குப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள்.

காலையில் வெறும் கருப்பட்டிக் காப்பியோடு உட்கார்ந்து, ஒரு மணிக்குத்தான் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. இரண்டும் தலைவலிக்கு நேரான வழிகள். இரண்டு இட்லியோ, பழைய சோறோ சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். காப்பியை நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்துங்கள். திடீரென்று முற்றிலும் விட்டாலும் தலை வலிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கடைக்காரர் எத்தனை பீடியைக் கழிப்பாரோ என்ற கவலையில் பதினொரு மணிவரை விளக்கடியில் எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது தூக்கத்தையும் தின்கிறது. மறுநாள் சுற்றும் பீடி நன்றாக இருக்கவே அந்தத் தூக்கம் தேவை.

ஸ்கேன், செலவு, போக வேண்டிய இடம்

வளையலை அடகு வைக்காதீர்கள். பரிசோதனையில் நரம்பு மண்டலம் சீராக இருந்து, வலியும் நீங்கள் சொல்லும் வகையாக இருந்தால், ஸ்கேனில் சிகிச்சையை மாற்றும்படி எதுவும் தென்படுவது மிக அரிது. தொந்தரவில்லாத ஏதோ ஒரு சின்னப் புள்ளி தெரிந்து, அதை எண்ணித் தூங்காமல் கிடப்பவர்களைப் பார்க்கிறேன். சித்தியின் சாவு உங்களுக்கும் வரும் என்பதும் சரியில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ அந்த ரத்தக் கசிவு வந்திருந்தால்தான் முன்கூட்டியே பரிசோதிக்கச் சொல்வோம்.

அதற்காக மருத்துவரைப் பார்க்காமலே இருந்துவிடவும் கூடாது. கடிதத்தை வைத்து நான் சொல்வது ஓர் அனுமானம். உங்கள் கண்ணின் உட்புறத்தை விளக்கடித்துப் பார்த்து, கை கால் வலிமையையும் நடையையும் சோதித்து, ஒருவர் நேரில் உறுதி செய்ய வேண்டும். பீடித் தொழிலாளர் அட்டை உங்களிடம் இருக்கும். முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர் நல மருத்துவமனை இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். போகும் முன் மூன்று வாரம் காலண்டர்த் தாளில் குறித்து வையுங்கள்: வலித்த நாள், தொடங்கிய நேரம், போட்ட மாத்திரை, சாப்பிட்ட வேளை, மாதவிலக்கு நாள். வலி சில நாள் ஒரு பக்கமாகத் துடித்து, வாந்தியும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வந்தால் அதையும் எழுதுங்கள். அது ஒற்றைத் தலைவலி, அதற்கு மருந்து வேறு. மேலே சொன்ன ஆபத்து அடையாளங்களில் ஒன்று உங்களுக்கு வந்தால், இந்தக் காலண்டர் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசிக் கேள்வி, வெள்ளிக்கிழமைக் குளியல். தாராளமாகக் குளியுங்கள். எண்ணெய்க் குளியலால் தலைவலி வராது. வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உச்சியில் வைப்பதோடு பிடரியிலும் தோளிலும் நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள், வெந்நீரில் குளியுங்கள், ஈரத் தலையைத் துவட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் பீடியை எடுக்காதீர்கள்.